மீன்பாடி வண்டியில் ஏறிப் போன காது

போன வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம், மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நடந்தது இது.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். அடையாறில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறேன். இந்த வயதில் சிலருக்கு சீரியல், சிலருக்கு மாடித் தோட்டம். எனக்கு வைஃபை வேட்டை! ஸ்கூட்டர் கைப்பிடியில் போனை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவேன். எந்த வீட்டு வைஃபை, எந்தக் கடை வைஃபை, யார் காதில் ப்ளூடூத் என்று காற்றில் வரும் பெயர்களையெல்லாம் போனிலிருக்கும் ஆப் பிடித்து, வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வரும். யாருடைய நெட்டுக்குள்ளும் நுழைவதில்லை. வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டு போவது மாதிரிதான். உலகம் முழுக்க என்னைப் போன்ற கிறுக்குகள் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் சந்துகளில் ஒரு சுற்று வந்தால் போதும், பெயர்கள் கொட்டோ கொட்டென்று கொட்டும். 'பாஸ்வேர்டு கேட்டா உதை' என்றுகூட ஒன்று பார்த்திருக்கிறேன். "ஊர்ல இருக்கற வைஃபையெல்லாம் எண்ணி யாருக்குக் கணக்குக் காட்டப் போறே?" என்பார் என் வீட்டுக்காரர். நான் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை.

அன்றைக்கு மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, வாழைக்கன்று என்று இரண்டு பக்கமும் கடைகள். கூட்டம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் நாலைந்து பேர் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் மண்டி போட்டு, வாழைச் சருகை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. ஐந்து வயது இருக்கும்.

"என்னம்மா தொலைச்சே, கம்மலா?" என்று கேட்டேன்.

"காது மிஷின்கா! அது இல்லாட்டி கொயந்தைக்கு ஒண்ணுமே கேக்காது!"

அழுகைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காத குழந்தை. ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் மாட்ட ஒரு மிஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் தலையில் ஒட்டிக்கொள்கிற வட்ட வில்லை. எல்லாம் சேர்ந்தால்தான் சத்தம் கேட்கும். யாரோ புண்ணியவான்கள் உதவியில் கிடைத்ததாம். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி, இந்தப் பக்கம் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு வாராவாரம் வருகிறார்கள்.

"இப்பதான்கா வாயத் தொறந்து அம்மான்னு கூப்ட்டுச்சு. இன்னொரு மிஷினுக்கு நான் எங்க போவேன்?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அந்த மிஷின் உன் போன்ல கனெக்ட் ஆகுமா?"

"ஆவும்கா. டீச்சரம்மா போட்டுக் குட்த்தாங்க."

அவள் போனை வாங்கி, மிஷினின் ப்ளூடூத் பெயரைப் பார்த்துக்கொண்டேன். என் ஆப்பில் தேடினேன். இல்லை. வீதியின் அந்தக் கோடி வரை போய்ப் பார்த்தேன், திரும்பி வந்து பார்த்தேன். அத்தனை பேர் கையிலும் காதிலும் இருப்பதெல்லாம் தெரிகிறது, இது மட்டும் இல்லை. எங்கள் வேட்டையில் 'இல்லை' என்பதும் ஒரு சேதிதான்.

"இங்க இல்லம்மா. எழுந்திரு."

"எப்டிக்கா சொல்ற? இங்கதான் வுயுந்துச்சு. எடத்த வுட்டு நவுந்தா, யாரனா எட்த்துக்கினு பூடுவாங்க!"

அவள் சொன்னதும் நியாயம்தானே? மிஷினில் பாட்டரி தீர்ந்திருந்தாலும் ஆப்பில் காட்டாது. சருகுக்கு அடியிலேயே அது கிடக்க, நான் இவளை வேறெங்காவது இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பாவம் என் தலையில்தான் விடியும்.

"அந்த வில்லை தலையில எப்படி ஒட்டும்?" என்று கேட்டேன்.

"உள்ள காந்தம் கீதுக்கா. வூட்லகூட பீரோ, கதவு, இரும்பு எது கெட்ச்சாலும் போய் ஒட்டிக்கும்."

இரும்பா? சுற்றுமுற்றும் பார்த்தேன். அங்கே இரும்பு எதுவும் இல்லை. எதிரே குடை விற்றவரிடம், இங்கே ஏதாவது வண்டி நின்றதா என்று கேட்டேன்.

"ஆமா, வாயக்கன்னு எறக்க ஒரு மீன்பாடி வண்டி நின்னுச்சு. பாப்பா அதுமேலதான் சாஞ்சிக்கினு இருந்துச்சு. இப்பதான் மந்தவெளி பக்கம் போச்சு."

மீன்பாடி என்றால் மூன்று சக்கரச் சரக்கு வண்டி, உடம்பெல்லாம் இரும்பு! அவ்வளவுதான். "ஏறும்மா!" என்றேன். அவள் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத என்னை நம்பி வந்தாளே, அதை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான். ஹெல்மெட் இல்லாமல் பின்னால் இரண்டு பேர். போலீஸ் பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டேன் வண்டியை.

மந்தவெளி நெருங்கும்போது திரையில் அந்தப் பெயர் வந்தது. "வந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆட்டோக்காரர் பிரேக்கே போட்டுவிட்டார். சிக்னல் ரொம்ப மெல்லிசு. மார்க்கெட் பக்கம் திரும்பியதும் கூடியது. ஆனால் அங்கே வரிசையாக மீன்பாடி வண்டிகள், எல்லாவற்றிலும் வாழைக்கன்று, வாழையிலை. எந்த வண்டி என்று கண்டுபிடிப்பது?

இதற்கு எங்களிடம் ஒரு வித்தை உண்டு. போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். முதுகுப் பக்கமிருந்து வரும் சிக்னலை நம் உடம்பே மறைத்துவிடும். எந்தப் பக்கம் திரும்பும்போது சிக்னல் ஏறுகிறதோ, தேடுகிற பொருள் அந்தப் பக்கம். நடுரோட்டில், பிள்ளையார் பொம்மைக் கடை முன்னால், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுற்றினேன்.

பொம்மைக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஒரு மாமி திரும்பிப் பார்த்தார். "ஏண்டிம்மா, பிள்ளையாரை ஆத்துக்கு எழுந்தருளப் பண்றதுக்கு முன்னாடியே தன்னைத்தானே சுத்தி ஆத்மப் பிரதட்சிணமா? அவரை இன்னும் வாங்கவே இல்லையே!"

கடைசி வண்டிப் பக்கம் திரும்பியதும் சிக்னல் எகிறியது. ஓடிப்போய் அதைச் சுற்றி வந்தேன். வண்டிக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னாமா, என் வண்டியச் சுத்திச் சுத்தி வந்துக்கினு கீற? நான் இன்னாத்த எட்த்தேன்?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். குழந்தையைப் பார்த்தார். அடுத்த நொடி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைக்கட்டுகளை இறக்க ஆரம்பித்துவிட்டார். மேலே இல்லை. தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார்.

"கீதுமா! மின்னிக்கினு கீது!"

பக்கவாட்டு இரும்புச் சட்டத்தின் அடியில் அந்த வில்லை கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. வயரில் மிஷின் தொங்க, அதில் ஒரு குட்டி விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "என் கையெல்லாம் வாயக்கறை. கொயந்த காதும்மா அது, நீயே எட்த்துக்கோ."

அவள் எடுத்து, முந்தானையில் துடைத்து மாட்டினாள். முடிக்குள் வில்லை ஒட்டிக்கொண்டது. ஆனால் அவ்வளவு தூரம் குலுங்கி வந்த மிஷின் வேலை செய்யுமா? அம்மா அதன் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தாள், வாய் தெரியாதபடி முந்தானையால் மறைத்துக்கொண்டு "ஆ" என்றாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்த பரிசோதனையாம். குழந்தையிடமிருந்து பதில் இல்லை. வண்டிக்காரர் ரோட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யப்பா, ஆரன் அடிக்காத நைனா! கொயந்த காது கேக்குதான்னு பாத்துக்கினு கீறோம்!"

நிஜமாகவே ஹாரன் சத்தம் நின்றது. மறுபடியும் அம்மா "ஆ" என்றாள்.

"ஆ" என்றது குழந்தை.

"ஊ."

"ஊ!"

கடைசியாக அம்மா மெல்லிய குரலில் "ஷ்" என்றாள். குழந்தை உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் பார்த்து அதட்டலாக "ஷ்ஷ்!" என்றது. பொம்மைக் கடை மாமி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். குழந்தையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் வெட்கமில்லாமல் நடுரோட்டில் அழுதேன்.

இப்போதும் வேட்டைக்குப் போகிறேன், ஆனால் திரையில் ஒரு புதுப் பெயர் வந்து விழும்போதெல்லாம், அதற்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் எதையோ கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில், ஸ்கூட்டரின் வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது.