கம்பளிய எடுத்தது நாந்தான்

அப்பா செத்துக் கெடந்தத மொதல்ல பாத்தது நாந்தான். பண்டாரவளையில துணிக்கடையில வேல எனக்கு. வெள்ளிக்கெழம அப்பா போன்ல கோல் எடுத்து, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போ"ன்னாரு. "எப்பப் பாத்தாலும் இதையே சொல்லுங்க"ன்னு வச்சிட்டேன். ஞாயித்துக்கெழம காலையில நான் கோல் எடுத்தேன். அவரு தூக்கல. கோவம்னு நெனச்சு, குளிச்சிட்டு ரூம்லயே படம் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.

திங்கக்கெழம காலையில பூனாகலை பஸ் ஏறி, அப்பா தனியா இருந்த தோட்டத்து லயத்துக்கு வந்தேன். ரெண்டு கம்பளியையும் தலையோட போத்திப் படுத்திருந்தாரு. "இன்னும் கோவந்தானா?"ன்னு இழுத்தேன்.

நான் கத்துனது எனக்கே கேக்கல.

பக்கத்து வீட்டு அக்கா ஓடியாந்துச்சு. "போலீசு வர்றதுக்குள்ள இத எடுத்துருடி. இந்த அழுக்குக் கம்பளியிலயா மனுசன ஊரு பாக்கணும்?"ன்னுச்சு. சுருட்டி வெளிய போட்டுட்டு, அவரோட வெள்ள வேட்டிய போத்துனேன்.

போஸ்ட்மார்ட்டத்துக்கு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மறுநாள் டாக்டர் என்னையக் கூப்புட்டு, "மேல என்ன போத்தியிருந்துச்சு?"ன்னாரு.

"வேட்டிங்க."

"வயித்துல பச்ச பூத்திருக்கும்மா. ஆளு போனாலும் கொடல்ல இருக்குற கிருமி சாகாது. அதுங்க செய்யுற வேலதான் அந்த நெறம். குளுருல மெதுவா செய்யும், சூட்டுல வெரசா செய்யும். ஒங்க ஊரு குளுருக்கு இவ்வளவுன்னா, அனேகமா சனிக்கெழமயே போயிருப்பாரு."

சனிக்கெழம. அப்ப ஞாயித்துக்கெழம நான் போயிருந்தாலும் காப்பாத்தியிருக்க ஏலாது. வெளிய பெஞ்சில வந்து ஒக்காந்தேன். கூட வந்த அக்கா திங்க ஒரு பணிஸ் குடுத்துச்சு. ரெண்டு நாள்ல மொதல்ல தின்னது அதத்தான்.

"அந்தக் கம்பளிய தொவச்சிட்டேன்டி. என்னா கனம்! போத்துனா அடுப்புக்குள்ள படுத்த மாதிரியில்ல இருக்கும்."

மிச்ச பணிஸ பெஞ்சில வச்சேன். எந்திரிச்சு உள்ள போனேன்.

"டாக்டர், பொய் சொல்லிட்டேங்க. கம்பளி இருந்துச்சு. ரெண்டு. நாந்தான் எடுத்தேன்."

பேனாவ கீழ வச்சாரு. "அந்தச் சூட்டுல வெரசா பூத்திருக்கும். அப்ப ஞாயித்துக்கெழமயாவும் இருக்கலாம்."

"காலையிலயா, பொழுசாயவா?"

"அவ்வளவு சரியா சொல்ல ஏலாதும்மா."

போன்ல நான் எடுத்த அந்தக் கோல் இன்னும் இருக்கு. ஞாயிறு, எட்டு முப்பத்தஞ்சு. ஒரே ஒரு தடவதான் எடுத்திருக்கேன்.