மாட்டு வீடு

சின்னவளுக்குப் பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு போகவில்லை. அம்மா அப்பா இல்லாத அவளுக்கு அக்காதான் எல்லாம். அக்காவின் வீட்டிலேயே இருந்துகொண்டு, சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலையைக் கற்றாள். நல்ல வேலைக்காரி. ஆனாலும் பத்து வருஷமாக முதலாளி அவளைப் பின்னறையை விட்டு வெளியே விடவில்லை.

“வர்றவங்க சொல்றது உனக்குக் கேக்காதும்மா. முன்னாடி நின்னு என்ன பண்ணுவ?”

“கேக்காதுதான் சார். ஆனா படிக்கத் தெரியுமே,” என்று ஒருநாள் செல்போனை நீட்டினாள். எதிரில் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் ஆப். முதலாளி தொண்டையைச் செருமினார். அதற்கே போன் ‘சரிம்மா’ என்று எழுதிவிட்டது. அவரே சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவள் கவுன்ட்டரில் நின்றாள்.

ஆப்பைப் போட்டுத் தந்தது அக்கா. “உனக்கு ஒரு தலைவலியும் கிடையாதுடி. திறந்தா போதும்.” அவ்வளவு சுலபம்தான். அக்கா தன் கணக்கிலேயே பதிவு செய்திருந்தாள். சின்னவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடை இருந்த கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். சரிபார்க்க வரும் மெக்கானிக் அவளிடம் ஒரு கண்ணாடி வாங்கினார். பிறகு ஸ்க்ரூ லூஸ் என்று வந்தார். பிறகு லூஸாக இல்லாதபோதும் வந்தார். போனை நடுவில் வைத்துக்கொண்டு டீ குடிப்பார்கள்.

“மாடி வீடு ஒண்ணு பாத்திருக்கேன். ரெண்டு பேருக்குத் தாராளம்,” என்றார் ஒருநாள். போன் ‘மாட்டு வீடு’ என்று எழுதியது. டீ மூக்கில் ஏறும்வரை இருவரும் சிரித்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்க ஒன்றுமில்லை, சும்மா ஒரு பந்தா.

அடுத்த வாரம் லிஃப்டுக்கு வேறு ஆள் வந்தார். மெக்கானிக்குக்கு மெசேஜ் போட்டாள். ‘இனித் தொந்தரவு பண்ண மாட்டேன்’ என்று ஒற்றை வரி பதில் வந்தது. கௌரவமாகக் கழற்றிவிடுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். ஏழு மாதம் தன் காதுகளையே திட்டிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

கடைப்பக்கம் ஓர் அறை எடுத்துத் தனியாகப் போகிறேன் என்றபோது அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தனியா போய் யாரை நம்பி இருப்ப? மாட்டு வீட்டுல குடித்தனம் பண்ணக் கூப்பிட்டானே, அவனையா? மாடு கட்டுற எடத்துல உன்னைக் கொண்டுபோய் வைக்கப் பாத்தவன்!”

சின்னவள் திரையையே பார்த்தாள். அவர் சொன்னது மாடி வீடு. மாடு என்றது அந்தப் போன் மட்டும்தான்.

“என் பேச்சைப் படிச்சியாக்கா?”

“எல்லாம் என் போனுக்கும் வருதுடி. மொதல்ல தெரியாமத்தான் பாத்தேன். அப்புறம் பயம், எவனாவது உன்னை ஏமாத்திடுவான்னு.”

“அவர்கிட்ட என்ன சொன்ன?”

“அவளுக்கு இஷ்டமில்ல, நேர்ல சொல்லக் கூச்சப்படுறா அப்படின்னு.”

“நீயும் மாமாவும் பேசுறதை நான் என்னைக்காவது ஒட்டுக் கேட்டிருக்கேனா?”

“உனக்குத்தான் கேக்காதே,” என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“காது கேக்குறவங்க பேசுறது காத்தோட போயிடுது. என் பேச்சு மட்டும் ஏன்க்கா உன் கையில தங்கணும்? உனக்கு இருக்கிற உரிமைதானே எனக்கும்?”

நடந்ததை மெக்கானிக்குக்கு எழுதினாள். தனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதமாகிறது, முன்னமே தெரிந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று பதில் வந்தது.

இப்போது தனி அறையில் இருக்கிறாள். எழுதியதைப் போனைத் தாண்டி வெளியே அனுப்பாத, மூடியதும் அழித்துவிடும் ஆப் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தானே போட்டுக்கொண்டாள். மூன்று நாள் பிடித்தது. கொஞ்சம் மெதுவாக எழுதும், தப்பும் அதிகம். இவ்வளவு பாடு பட்டால்தான் ரகசியம் என்றால் அது என்ன நியாயம் என்று இன்னும் கேட்கிறாள். காது கேட்காத யாராவது கடைக்கு வந்தால், கண் பார்வையைப் பற்றிக் கேட்பதற்கு முன் “போன் யார் கணக்குல இருக்கு?” என்று கேட்கிறாள்.

அக்கா மாதம் ஒருமுறை வருவாள். மழை, மாத்திரை, மாமாவின் முதுகுவலி என்று பேசுவார்கள். அக்கா எத்தனையோ முறை அழுதுவிட்டாள். சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.