முதலாளியின் தாடையில் விழுந்த வெளிச்சம்

விமானக் கம்பெனியில் படம் எடுக்கும் அவரை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகமாவது வராமல் கேமராவைத் தொடமாட்டார். வெள்ளை விமானத்தை உச்சி வெயிலில் எடுத்தால் முதுகு வெளுத்துப்போகும், வயிறு கரிச்சட்டி ஆகிவிடும் என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். கல்யாணமான புதிதில் மனைவியைப் படம் எடுப்பதாக வாசலில் நிறுத்திவைத்து மேகத்துக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு மேகமும் வரவில்லை, படமும் எடுக்கவில்லை.

அந்த மனைவி இப்போது அதே கம்பெனியில் விமானத்துக்குள் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறாள். தினமும் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம், விமானத்தோடு நிற்கிற மாதிரி ஒரு படம்கூட அவளுக்கு இல்லை. காலண்டருக்காகப் புது விமானத்தைப் படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், "இந்தத் தடவையாவது நான் படத்துல இருக்கணும். அக்காவுக்கு அனுப்பணும்" என்றாள். மேகம் தலையை ஆட்டிவிட்டார்.

விடியற்காலையில் எடுக்கலாம், வெயில் சாய்வாக விழும் என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். முதலாளிக்குப் பத்து மணிக்கு முன்னால் விடிவதில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வந்து இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. உடனே அதிகாரிகள் புடைசூழ இறக்கையின் நிழலுக்குள் புகுந்துகொண்டார். கேமராவில் பார்த்தால் அவர் நின்ற இடத்தில் ஒரு கோட்டும் கொஞ்சம் இருட்டும்தான் இருந்தன. பிளாஷ் அடித்தால் கண்ணை மூடிக்கொள்வார். போன காலண்டரில் வருடம் முழுக்கத் தூங்கினார். தரையில் வெள்ளைத் துணி விரித்தால் வெயில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். ஆனால் துணி பறந்து எஞ்சினுக்குள் போனால் யார் பதில் சொல்வது என்று பாதுகாப்பு அதிகாரி ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அப்போதுதான் மேகத்துக்கு மூளை வேலை செய்தது. விரித்த துணிதான் பறக்கும். ஆள் போட்டிருக்கிற சட்டை பறக்காது. துப்புரவுக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டைதான் சீருடை. எல்லோரையும் இறக்கைக்கு வெளியே, கொளுத்துகிற வெயிலில், நெருக்கமாக உட்காரவைத்தார். சட்டைகளில் பட்ட வெயில் நிழலுக்குள் திரும்பியது. முதலாளியின் முகத்தில் ஒரு களை வந்தது; அவர் பெண்டாட்டிகூட அதுவரை கண்டிராத களை. முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்த மேகத்தின் மனைவி, வேர்த்து வழிய வழிய, சிரிப்பைக் கலைக்காமல் வைத்திருந்தாள்.

முதலாளி படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். கீழே உட்கார்ந்திருப்பதையெல்லாம் வெட்டிவிடச் சொன்னார். மேகமும் மறுபேச்சில்லாமல் வெட்டினார்.

வெட்டாத படம் இருக்கிறதே, அதை அக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று தெம்பாக வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் காட்டும்போதுதான் அவரே சரியாகப் பார்த்தார். நிழலில் நின்றவருக்காக வெளிச்சத்தைக் கூட்டியதில் வெயிலில் இருந்தவர்கள் வெளுத்துப்போயிருந்தார்கள். அவள் நெற்றியும் மூக்கும் சட்டையும் ஒரே வெள்ளை. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் தனக்கு வேண்டிய நேரத்தில் மறந்துபோயிற்றே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, முதலாளி தாடைக்கு அடியில வெளிச்சமா இருக்கே, அது எங்கேருந்து வந்துச்சு?"

"உன் சட்டையிலேருந்துதான்."

காலண்டர் வந்ததும் அதை அவளே கூடத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலாளி எவ்வளவு லட்சணமாக இருக்கிறார் என்று சொல்லாமல் போவதில்லை. அப்போதெல்லாம் அவள் அந்தத் தாடையில் விரலை வைத்து, "இது நான்" என்பாள். மேகம் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.