கசத்தில் விழுந்த தாலி

கல்யாணமாகி நான் சிவகிரியிலிருந்து தென்காசிக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். வந்த கொஞ்ச நாளிலேயே எனக்குப் புருஷனைவிடச் சிற்றாற்றைப் பிடித்துப்போயிற்று. சொல்ல என்ன வெட்கம்? அவர் வயலுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆறு பகலெல்லாம் ஓடியது.

குற்றாலத்துக்குப் போகிற வழியில், பாறைகளுக்கு நடுவே ஆறு வளைந்து ஓரிடத்தில் ஆழமாகத் தேங்கி நிற்கும். அந்தப் பள்ளத்தைக் கசம் என்பார்கள். கரையோரம் இடுப்பளவுதான் தண்ணீர் என்பதால், புதிதாக நீச்சல் பழகுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். காலையும் மாலையும் ஆண்கள். உச்சி வெயிலில் பெண்கள். பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, அடியில் கிடக்கும் மண்ணை ஒரு பிடி அள்ளி வந்து காட்ட வேண்டும். மண் காட்டாதவள் எத்தனை தரம் பாய்ந்தாலும் கத்துக்குட்டிதான்.

நான் நன்றாகவே பாய்ந்தேன். மண்தான் எட்டவில்லை. பாதியிலேயே காது வலித்து மேலே வந்துவிடுவேன். என் மாமியாருக்கோ நான் ஆற்றுக்குப் போவதே ஆகாது. "கட்டிட்டு வந்தவளுக்கு முங்கு நீச்சல் என்னத்துக்குட்டி? ஏதாச்சும் குத்தம் குறைன்னு என் காதுல விழட்டும், அன்னையோட உனக்கு வீட்டுக் கிணத்துத் தண்ணிதான்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். சரி அத்தை என்று தலையாட்டிவிட்டு, நாத்தனாரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அது தை மாதம். பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு பாய்ந்தேன். மேலே வந்து மூச்சு விட்டபோது நாத்தனார் என் கழுத்தையே பார்த்தாள்.

"மதினி, தாலிய எங்க?"

தடவிப் பார்த்தேன். வெறுங்கழுத்து. நீளமாகக் கட்டியிருந்த மஞ்சள் கயிறு, நான் தலைகீழாகப் போன வேகத்தில் தலைவழியே உருவிக்கொண்டு போயிருந்தது. கரையில் நின்ற பெண்கள் ஐயையோ என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி, "எல்லாரும் மேல ஏறுங்கட்டி. அங்கன வயல்ல நிக்கிற ஆம்பளையள்ல முங்கத் தெரிஞ்சவனக் கூப்பிடுதேன். எடுத்துக் குடுத்துருவான்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! "ஒருத்தனும் வரப்படாது! என் புருஷன் கட்டுன தாலிய எவனோ எடுத்து நீட்டுவான், நான் கைநீட்டி வாங்கணுமோ? நானே எடுக்கேன்" என்றேன்.

"மண்ணே எட்டல, தாலிய எடுக்காளாம்" என்று ஒருத்தி முனகினாள். முனகட்டும்.

முங்கினேன். பாதியிலேயே காது வலித்துத் திரும்பினேன். மறுபடியும் அதே கதை. கரையில் அம்மிக்குழவி கனத்துக்கு ஒரு கல் கிடந்தது. அதைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு குதித்தேன். கல் இழுத்தது. காது தெறித்தது, விட்டேனா? கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு மேலே வந்தேன். மண்!

"மண்ணு மதினி, மண்ணு எடுத்துட்டிய!" என்று நாத்தனார் கைதட்டினாள்.

"மண்ண வச்சு என்னட்டி செய்ய?" என்று கையை உதறிவிட்டு இன்னொரு கல்லைத் தூக்கினேன். இந்தத் தடவை பாறையின் காலோரமாகத் துழாவினேன். மூச்சு முட்டுகிற நேரத்தில் விரலில் கயிறு சுற்றியது. அதைப் பல்லில் கடித்துக்கொண்டு மேலே வந்து, மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தாலி கழண்டு விழுந்தா என்ன அர்த்தம்னு தெரியுமாட்டி? எம்புள்ள உசுருட்டி அது! இனிமே ஆத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கப்படாது, சொல்லிட்டேன்."

வேறு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அன்றைக்கு ஆட்ட வரவில்லை.

"விழுந்தது உங்க பிள்ள உசுருன்னே வச்சுக்கிடுங்க அத்தை. அத முங்கி எடுத்துட்டு வந்தது யாரு?"

அத்தை என் கழுத்தில் ஈரத்தோடு தொங்கிய கயிற்றைப் பார்த்தார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "இங்கன வா" என்று அத்தை கூப்பிட்டார். போய் நின்றேன், என்ன வந்தாலும் சரி என்று. என் தாலிக்கயிற்றைப் பிடித்து, தலைவழியே வராதபடி கழுத்தோடு குட்டையாக முடிந்துவிட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

"இப்பம் போ" என்றார்.