முருகனுக்கு வைத்த பத்திரிகை

எங்கள் வீட்டில் முதன்முதலில் எம்.எஸ்சி. முடித்தவள் அத்தை. ஆனால் அந்தப் பட்டத்தை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் நைனா. ஆடிக் கிருத்திகைக்கு மோர்ப் பந்தல் போட்டால் பேனரில் அத்தையின் பெயரும் அதன் பின்னால் எம்.எஸ்சி.யும் கட்டாயம் இருக்கும். மோருக்கும் இயற்பியலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை.

அத்தை விடியுமுன் ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் படித்தவள். விளக்கு வைத்த பிறகு வந்து, பக்கத்து அறை விசைத்தறிச் சத்தத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போடுவாள். விடை சரியாக வந்துவிட்டால் அருகில் படுத்திருக்கும் என்னைக் கிள்ளுவாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் இல்லை. எனக்கோ கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பள்ளிப்பட்டில் நல்ல வியாபாரம். படிப்பு பத்தாவதோடு சரி. பத்திரிகையின் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்த அன்றே சம்பந்தி வீட்டிலிருந்தும் போன் வந்தது. பேசி முடித்த நைனா அத்தையிடம் வந்தார்.

"மாப்ள பேருக்குப் பின்னால ஒன்னும் இல்லாதப்போ உன் பேருக்கு மட்டும் எதுக்கும்மா வாலு? எடுத்துடச் சொல்லிட்டேன்."

"படிச்சது நான்தானேண்ணா?"

"ஆங், யாரு இல்லன்னாங்க? நாலு எழுத்துக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்கியே."

போட்ட பட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் அந்தச் சின்ன வயதில் எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். அத்தை ஃபெயிலாகிவிட்டாள். பாவமாக இருந்தது.

அச்சாகி வந்த முதல் பத்திரிகையை மலைமேல் முருகன் பாதத்தில் வைப்பது வழக்கம். நைனாவும் அம்மாவும் முன்னால் ஏறிப் போனார்கள். பத்திரிகைத் தட்டைச் சுமந்து என்னோடு பின்னால் வந்த அத்தை பாதி வழியில் படியில் உட்கார்ந்தாள். மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பிரித்து, பேனாவை எடுத்து, தன் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி. என்று எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.

நான் அவள் காதருகில் குனிந்தேன்.

"நீ ஃபெயிலானத முருகன்கிட்ட சொல்லமாட்டேன் அத்தை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாத," என்று எழுந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். அவள் பக்கம் நிற்பதற்கு நான் ஒருத்தியாவது இருக்கிறேனே என்று எனக்கு ஒரே பெருமை. அந்த ஒருத்தியும் அவளுக்கு இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.