எட்டாள் ஆழத்துச் சங்கு

சாமிக்கண்ணு பிறந்த தேதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ரேஷன் அட்டையில் இன்னொரு வயது. இரண்டுக்கும் நான்கு வருஷ வித்தியாசம். இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சிரமம். ஆனாலும் விருத்தாசலத்து நிலத்துக்கு அடியில் இருப்பதை அவரளவுக்குக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. கிணறு வெட்டுவது அவர் தொழில்.

நான் பீங்கான் பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பத்துநான்கு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். வரும் களிமண்ணின் எடை, ஈரம், நிறம் எழுதுவது என் வேலை. பொம்மைக்கும் கோப்பைக்கும் ஏற்ற வெள்ளைக்களி எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள, கிணறு வெட்டும் இடங்களில் மண் மாறும் ஆழத்தைக் குறித்து வைக்கும்படி 1969-ல் மேனேஜர் சொன்னார். அவர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். நான் நிறுத்தவில்லை. மொத்தம் நாற்பத்தாறு கிணறுகள். பேட்டைக்குள் வெட்டியவற்றை நானே டேப் பிடித்து அளந்தேன். வெளியே சாமிக்கண்ணு வெட்டியவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் போய், அவர் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதினேன். அதற்குள் கல் கட்டியிருப்பார்கள், அல்லது தண்ணீர் ஊறியிருக்கும்.

குள்ளமான மனிதர், அகன்ற தோள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளுல களி வரும்" என்பார். இரண்டாம் நாள் வரும். அது எனக்குப் பிடிக்காது. நோட்டைப் பார்த்து நான் சொல்லும்போது தவறியதுண்டு. அவர் தவறி நான் பார்த்ததில்லை. ஊரில் யார் கிணறு போட்டாலும் அவரைத்தான் கேட்பார்கள். என் நோட்டை யாரும் கேட்டதில்லை.

2005-ம் வருஷம் மாசி மாதத்தில்தான் முதல் ஆள் கேட்டது. சிவசங்கரி என்ற நிலவியல் பேராசிரியை. இந்தப் பக்கத்துப் பாறைகளை ஆராய்கிறவர். என் ஐந்து நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "சார், இது புதையல்" என்றார். பிறகு, "சங்கு பதிஞ்ச பாறையை வெட்டினவர் இருக்காரா? பாக்கணுமே" என்றார்.

பேட்டைக்குக் கிழக்கே இரண்டு பர்லாங்கு தூரத்தில் சாமிக்கண்ணு வீடு. நான்தான் அழைத்துப் போனேன். என் வீட்டில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தது நாற்பது நிமிஷம். சாமிக்கண்ணு வீட்டில் இரண்டு மணி பத்து நிமிஷம்.

அவர் மனைவி பாஞ்சாலை கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பார்த்ததுமே பேராசிரியை தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட சங்குக்கல்.

"இது கடல்ல இருந்த உயிருங்க. ஏழு கோடி வருஷம் ஆயிருக்கும்."

"ஏழு கோடியா?" என்றாள் பாஞ்சாலை. "என் கதவு இப்பத்தாம்மா ஒழுங்கா நிக்குது. எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க."

கடல் இங்கே எப்படி வந்தது என்று விளக்க, கம்பெனியில் கழித்துவிட்ட ஒரு பீங்கான் தட்டைக் கேட்டு வாங்கி, இரண்டாக உடைத்தார் பேராசிரியை. ஒரு துண்டு நம் நாடு, இன்னொன்று தென்துருவத்துப் பனிக்கண்டம். ஒட்டியிருந்தவை பதின்மூன்று கோடி வருஷத்துக்கு முன் பிரியத் தொடங்கின. பிரிந்த ஓரம் உடைந்து தாழ்ந்தது. பள்ளத்தில் கடல் புகுந்தது. மேற்கே இருந்த பழம்பாறைகள் கரைந்து மணலும் களியுமாக ஆற்றோடு வந்து அதை நிரப்பின. அதனால்தான் இங்குள்ள பாறை அடுக்குகள் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சாய்ந்திருக்கின்றன.

நான் தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். சாமிக்கண்ணு இரண்டு துண்டுகளையும் சேர்த்தும் விலக்கியும் பார்த்தார்.

"அப்ப நான் இத்தினி வருசமா, ரொம்பிப்போன பெரிய குழிக்குள்ள சின்னக் குழி வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

பேராசிரியை சிரித்து, அந்த வாக்கியத்தைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்ன எதையும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். நேராக என் வீட்டுக்கு. என் கணக்கை வைத்துப் படம் வரைந்திருந்தார். சங்குப்பாறை பேட்டைக் கிணற்றில் நாற்பத்தோரு அடியில். இரண்டு பர்லாங்கு தள்ளி சாமிக்கண்ணு தெருவில் நாற்பத்தெட்டு. அதற்கும் கிழக்கே ஐம்பத்தொன்று, ஐம்பத்துநான்கு.

"பேட்டைக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவுல மட்டும் ஒரேயடியா ஏழடி எறங்குது சார். கண்டம் பிரிஞ்சப்ப பாறை ஒடைஞ்சு ஒரு பக்கம் தாழ்ந்த முறிவா இருக்கலாம். சரியா வந்தா, உங்க பேரைப் போட்டுத்தான் கட்டுரை எழுதுவேன்."

அந்த முறிவு என்னுடையது. அதை நான் மண்ணுக்குள் இறங்காமலே கண்டுபிடித்திருந்தேன். பதினொரு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

பன்னிரண்டாம் நாள், வெட்டும்போது அங்கே முறிவு எதையும் பார்த்தாரா என்று பேராசிரியை சாமிக்கண்ணுவிடம் கேட்டார். அவர் தலையை ஆட்டினார்.

"முறிவும் இல்ல, ஒடசலும் இல்லீங்க. பாய் விரிச்சாப்புல ஒரே படுக்கை. நான் வெட்டுனதுங்க."

"ஞாபகம் தப்பும் சாமிக்கண்ணு. எழுதி வச்சது தப்பாது" என்றேன்.

"எழுதுனது நீங்க, கிளார்க்கய்யா. சொன்னது நானு. எட்டாளுன்னேன். இன்னைக்கும் எட்டாளுதான்."

"அதைத்தானே எழுதியிருக்கேன்? எட்டாள், நாற்பத்தெட்டு அடி."

பேராசிரியை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுத்தின் பக்கம்தான் சாய்ந்தார் என்று தெரிந்தது. ஆனாலும் கிணற்றடிக்குப் போகலாம் என்றார். தண்ணீர் நிறைந்திருந்தது. பேச்சை மாற்றத்தான், ஆழத்தை எப்படி அளப்பீர்கள் என்று சாமிக்கண்ணுவைக் கேட்டிருக்க வேண்டும்.

"குழியில நின்னு பாப்பேன். தரை என் உச்சந்தலைக்கு நேரா வந்தா ஓராளு. அப்பவே காலடியில, செவுத்துல ஒரு வெட்டு போட்டுக்குவேன். அந்த வெட்டு உச்சந்தலைக்கு வந்தா ரெண்டாளு. அம்புட்டுதான்."

பேராசிரியை தலையசைத்துவிட்டு வேறு எதையோ கேட்டார். எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில், அடிக்கோடிட்டு, ஓர் ஆள் என்பது ஆறு அடி என்று எழுதியிருக்கிறது. கம்பெனி மேஸ்திரி சொன்ன கணக்கு. முப்பத்தாறு வருஷம் அதால் பெருக்கியிருக்கிறேன். சாமிக்கண்ணு என் தோளுக்கு மேல் கொஞ்சம்தான் இருப்பார். அதையும் முப்பத்தாறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் இருந்தால் முறிவு இருக்கும். என் பேர் இருக்கும். அவருக்குக் கணக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு பொய்யான அடி நிற்கும், என் கையெழுத்தில். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் காலை, பேராசிரியை வந்திருந்தபோது, டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடு சாமிக்கண்ணு வீட்டுக்குப் போனேன்.

"சாமிக்கண்ணு, செவுத்தோட ஒட்டி நில்லு."

"எதுக்குங்க?"

"அளக்கணும்."

"பாடை கட்டவா? அதுக்குள்ள என்னாங்க அவசரம்?"

"நில்லுய்யா சொல்றேன்" என்றேன். பாஞ்சாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குனியாம நில்லு மாமா, இருக்கறதே கொஞ்சம்."

ஐந்தடி இரண்டு அங்குலம். எட்டால் பெருக்கினால் நாற்பத்தோரு அடி நான்கு அங்குலம். அதற்கும் கிழக்கே இருந்த எட்டரையாள் நாற்பத்துமூன்று அடி பதினோரு அங்குலம். ஒன்பதாள் நாற்பத்தாறரை. நானே டேப் பிடித்து அளந்த பேட்டைக் கிணறு நாற்பத்தொன்று. பாய் விரித்ததுபோல, கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சாய்ந்த ஒரே படுக்கை.

பேராசிரியை தாமே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். பிறகு படத்தில் முறிவுக் கோட்டை அழித்தார். நான் ஐந்து நோட்டுகளிலும் சிவப்பு மையால் திருத்தினேன். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று.

கட்டுரை 2007-ல் வந்தது. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பேர் இருக்கிறது, பழமலைநாதன் என்று. அதற்கும் முன்னால், கட்டுரைக்குள்ளேயே, ஆழங்களை அளந்த அளவுகோல் என்று சாமிக்கண்ணுவின் பேரும் அவர் உயரமும் அச்சாகியிருக்கின்றன. நான் வாசித்துக் காட்டியபோது, "என்னையவே டேப்பா ஆக்கிட்டாங்களா?" என்று சொல்லி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிணறு வெட்ட இன்னமும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சங்குக்கல் அந்தக் கதவடியில்தான் இருக்கிறது.

என் உயரம் ஐந்தடி எட்டரை அங்குலம். யாரும் கேட்கவில்லை.