ஏரி எந்தப் பக்கம் போச்சு?

இன்ஜினியரிங் படித்தவன் பாலம் கட்டினால் ஊர் மாலை போடும். ஆராய்ச்சி செய்தால் ஊர் கல்லெடுக்கும். இதைப் படிக்கிற ஆராய்ச்சி மாணவர்களே, உங்களுக்கு வாய்த்த கைடு, கமிட்டி, தலைவிதி எல்லாம் எனக்கும் வாய்த்தன. கூடுதலாக எனக்கு ஒரு மாநில எல்லையும் வாய்த்தது.

தண்ணீர் இல்லாத தண்ணீர் லேப்

ஆந்திரா தனியாகப் பிரிந்தாகிவிட்டது. நகரிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கிராமங்கள் மட்டும் எந்தப் பக்கம் என்று தீராமல் இழுத்துக்கொண்டே கிடந்தன. அந்த நேரம் பார்த்துத் திருப்பதியில் புதிதாகத் தொடங்கிய இன்ஜினியரிங் பிரிவில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். பட்டம் வாங்கினால் அங்கேயே லெக்சரர் வேலை என்று பேச்சு. தண்ணீர் ஓட்டத்தைப் பற்றிப் படிக்கிற லேப் என்று ஒரு ஹாலைக் காட்டினார்கள். தொட்டி இருந்தது, பம்பு இருந்தது, பளபளவென்று பித்தளைக் குழாய் இருந்தது. திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற கோடையில் லேபுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்?

என் புரொபசர் கடப்பைக்காரர். எனக்காகத் தமிழில் பேசுவார். எங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டார். பழைய மண் கரை, அதன் கீழேதான் எங்கள் நைனாவின் நெல் வயல் என்றேன். கரைக்குள் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது, கரை தாங்குமா என்று கண்டுபிடிப்பதுதான் இனி என் ஆராய்ச்சி என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். "லேப் இல்லைன்னு அழாதப்பா, உங்க ஊர் ஏரிய விடப் பெரிய தொட்டி நான் எங்க வாங்கிக் கொடுக்கறது?"

கடலைக்காட்டில் ஒரு கண்டுபிடிப்பு

கரையில் இரும்புக் குழாய்களை இறக்கினேன். கரைக்குள் ஊறுகிற தண்ணீர் குழாயில் ஏறி நிற்கும். கயிற்றில் குண்டைக் கட்டி உள்ளே விட்டால் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். வாரா வாரம் கயிறு விட்டுப் பார்த்து எனக்குக் கடுதாசி போட, பெரியப்பா மகன் கோவிந்தண்ணனை ஏற்பாடு செய்துவிட்டுத் திருப்பதிக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் கரைக்குள் தண்ணீரே இல்லை என்று தகவல் வந்தது. அடுத்த வாரமும் இல்லை. மண் கரையில் சொட்டுக்கூட ஊறவில்லையா! புரொபசர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

நல்ல காலம், சொல்வதற்கு முன் நான் ஊருக்குப் போனேன். கரையில் ஒரு குழாய் இல்லை. எல்லாம் வடக்கே கடலைக்காட்டில் வரிசையாக நின்றன. நான் மூன்று கால் ஸ்டாண்டு வைத்து, கண்ணாடியில் பார்த்து, இரும்பு நட்டதைப் பார்த்தவர்கள், சர்க்கார் எல்லை அளக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மெட்ராஸோடு சேர வேண்டும் என்ற எங்கள் ஆட்கள், ராவோடு ராவாக 'எல்லை'யைப் பிடுங்கி வடக்கே தள்ளி நட்டிருந்தார்கள். அண்ணனைப் பிடித்து, "இதை ஏண்ணா எழுதல?" என்று கத்தினேன். "கொழாய்ல கயிறு உடுன்னு சொன்ன, உட்டேன். கொழாய் எங்க கீதுன்னு பாக்கச் சொன்னியா?"

இரண்டு ஊருக்கும் ஆகாதவன்

மெட்ராஸில் படித்தபோது ஹாஸ்டலில் என் பெயர் கொல்டி. வீட்டில் தெலுங்கு தெரிந்த யாரும் கிடையாது, சித்தூர் ஜில்லா என்றது போதுமாக இருந்தது. திருப்பதிக்கு வந்தால் நான் அரவவாடு, அதாவது தமிழன். மத்தளத்துக்காவது அடிக்கிற ஆள் ஒருத்தன்தான்.

ஹாஸ்டலில் ரூம் கேட்டு ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. ஒரு நாள் அங்கிருந்த சூப்பரின்டெண்ட் என்னை உட்கார வைத்து, அக்கறையாகவே சொன்னார்: "உங்க ஊரு எந்த ஸ்டேட்டுன்னு மொதல்ல தேலட்டும், முடிவாகட்டும் பாபு, அதுவரைக்கும் சத்திரத்துல படுத்துக்கோ."

கமிட்டியின் யோசனை

குழாய்களைத் திரும்பக் கரையில் நட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை கணக்கு பொய் சொல்லவில்லை. மதகுக்குப் பக்கத்தில் கரை உள்ளுக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. பெரிய மழை ஒன்று வந்தால் நிற்காது. அதை எழுதி முடிக்கிற சமயத்தில்தான் எல்லையும் தீர்ந்தது. ஊரும் வயலும் ஆந்திராவில், ஏரி மெட்ராஸில்! கரையைப் பலப்படுத்தச் சொல்லி இந்தப் பக்கத்து அதிகாரியிடம் போனேன். ஏரி எங்களுடையது இல்லை என்றார். அந்தப் பக்கம் போனேன். நனையப் போகிற வயல் எங்களுடையது இல்லை என்றார் அவர். என்ன மனுஷர்கள் ஐயா இவர்கள்!

திருப்பதியில் ஆராய்ச்சிக் கமிட்டி கூடியது. வேறு மாநிலத்து ஏரிக்கு நம் பல்கலைக்கழகம் எப்படிப் பட்டம் தரும் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். புரொபசர் எனக்காக வாதாடினார், பாவம், எடுபடவில்லை. தலைமை வகித்த பெரியவர் என் தோளில் தட்டினார். "வேலை பேஷா இருக்கு, ஏரிய மட்டும் மாத்திட்டு வந்துடு."

பட்டம்

அந்த ஐப்பசியில் அடைமழை. நான் சொன்ன மதகுப் பக்கத்திலேயே கரை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அந்த மட்டும் சாமி புண்ணியம். எங்கள் வயலில் இடுப்பளவு மணல் ஏறிவிட்டது. நைனா வரப்பு எங்கே என்று காலால் தடவித் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் அழுதேன். திருப்பதிக்குத் திரும்பினால் கமிட்டிக்காரர்கள் எழுந்து வந்து கை கொடுக்கிறார்கள். நான் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டதாம், உடைந்த ஏரிக்கு எல்லை கிடையாதாம். பட்டமும் வந்தது, வேலையும் வந்தது.

ஊருக்குப் போய்ச் சொன்னேன். மணல் வாரிக்கொண்டிருந்த நைனா கூடையைக் கீழே வைக்கவில்லை. "நல்லதுப்பா. மண்ண எங்க கொட்றதுன்னு அந்தப் படிப்புல எதுனா சொல்லிக் கீதா?"

தன் கணக்கு தப்பாகப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டே பட்டம் வாங்கிய இன்ஜினியர், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.